‘மூத்திர மாத்திரை’ என்று சொன்னால் போதுமா?

கரமனை அக்ரகாரத்தில் வசிக்கும் எழுபது வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். கண்புரை அறுவை சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் கண்ணாஸ்பத்திரிக்கு வருகிறார். வேறு என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்கிறார்கள். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு என்று ஒழுங்காகச் சொல்கிறார். மூன்று ஆண்டுகளாக இரவு உணவுக்குப் பின் விழுங்கிவரும் கேப்சூலைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. மறைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. சிறுநீருக்கான மருந்துக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய நியாயம்தான். வரிசையில் பெண்களும் நிற்கும்போது அதை உரக்கச் சொல்லக் கூச்சமும் இருக்கலாம்.

ஆனால் தொடர்பு இருக்கிறது. புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும்போது, அங்குள்ள தசையையும் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் தளர்த்துவதற்காக டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான்கள் தரப்படுகின்றன. இவை சென்று பொருந்தும் அதே வகை ஏற்பிகள் கண்ணின் பாவையை விரிக்கும் தசையிலும் உள்ளன. ஆகவே இம்மருந்தை உட்கொள்பவருக்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித்திரை தொய்ந்து அலைபாயலாம். விரித்துவைத்த பாவை நடுவிலேயே சுருங்கலாம். வெட்டிய துளை வழியே திரை பிதுங்கியும் வரலாம். கலிபோர்னியாவின் கண் மருத்துவர்களான டேவிட் சாங், ஜான் காம்ப்பெல் ஆகியோர் 2005-இல் இந்நிலையை டாம்சுலோசினோடு தொடர்புபடுத்தி எழுதினர். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அனுபவமுள்ள அறுவை மருத்துவருக்கு இது பெரிய இடரன்று. திரையைப் பிடித்துநிறுத்தும் சிறு கொக்கிகளும் பாவையை விரிய வைக்கும் மருந்துகளும் உண்டு. தெரியாமல் தொடங்கினால்தான் வில்லைப் பை கிழியும் அபாயம் கூடுகிறது. அறுவைக்குச் சில நாட்கள் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. நிறுத்திப் பல மாதங்கள், ஆண்டுகள் ஆனவர்களிடமும் இந்நிலை காணப்பட்டிருக்கிறது.

புராஸ்டேட் மருந்துகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அளவு, பக்கவிளைவு, கால இடைவெளி என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. அவை வேண்டியவைதான். ஆனால் இம்மருந்துகளின் மெய்யான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. எழுதிக்கொடுப்பவர் ஒருவர், அதன் விளைவைச் சந்திப்பவர்கள் வேறு பலர். சிறுநீரியல் மருத்துவர் எழுதிய சீட்டு கண் மருத்துவரின் மேசையிலும், புற்றுநோய்ச் சோதனை முடிவைப் படிப்பவரின் கையிலும், குருதி வங்கியின் படிவத்திலும், வீட்டுச் சமையலறை அலமாரியிலும் தன் வேலையைக் காட்டுகிறது. அந்த இடங்களுக்கெல்லாம் மருந்தின் பெயர் போய்ச் சேருகிறதா என்பதே பாதுகாப்பின் முதற் கேள்வியாக இருக்கவேண்டும்.

திருவனந்தபுரத்தைப் போல இக்கேள்வியைத் தெளிவாகக் காட்டும் நகரம் குறைவு. 1951-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், அதே வளாகத்தை ஒட்டிய ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையமும், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கண்ணாஸ்பத்திரி நகரின் நடுப்பகுதியில் இருக்கிறது. ஒரே முதியவர் ஒரே ஆண்டில் இவை அனைத்தின் வாசலையும் மிதிக்கக்கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் அறுபது வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு, இந்தியச் சராசரி 8.6. பிணக்கூராய்வுகளின்படி ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், எண்பதைக் கடந்தோரில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேலாகவும் புராஸ்டேட் பருமனின் தடயங்கள் உண்டு. எல்லாருக்கும் தொல்லை வருவதில்லை, எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதுமில்லை. ஆயினும் இந்த இரு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு மருந்துக் கடைகளின் நிலவரம் புரிந்துவிடும்.

இங்கு வரும் முதியவர்களில் தமிழ் பேசுவோர் கணிசமானவர்கள். சாலை பஜாரில் தலைமுறைகளாகக் கடை வைத்திருப்போர், கரமனை, கோட்டைப் பகுதி அக்ரகாரங்களில் வாழ்வோர், தோட்டத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றோர் எனப் பலர். அவர்களோடு கன்னியாகுமரி மாவட்டத்தாரும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் அம்மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகும் வழக்கம் மட்டும் இணைந்துபோகவில்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் காலை ரயிலில் மருத்துவக் கோப்புகளோடு வருபவர்களைக் காணலாம். அவர்களுக்கு மருத்துவர் மலையாளத்தில் விளக்குகிறார், சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, வீட்டில் கேட்போர் தமிழில் கேட்கிறார்கள். மூன்று மொழிகளைக் கடந்துவரும் வழியில் மருந்தின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ‘மூத்திர மாத்திரை’ என்ற ஒரு சொல்.

மொழியியல் மாணவர்களுக்கு இது சுவையான இடம். நீர்க்கடுப்பு, நீரடைப்பு, நீர்ச்சுருக்கு என்று தொல்லையின் வகைகளுக்குத் தமிழில் நுட்பமான சொற்கள் உண்டு. தொல்லையை உண்டாக்கும் சுரப்பிக்கு மட்டும் பேச்சுவழக்கில் சொல் இல்லை. கலைச்சொல் அகராதிகள் முயன்றிருக்கின்றன. நோயாளி ஒருவரும் அவற்றை உச்சரித்ததாகத் தெரியவில்லை. இந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்த ‘மூத்திர மாத்திரை’ ஒரு மருந்தை மட்டும் குறிப்பதில்லை. இதயநோய்க்கும் கால்வீக்கத்துக்கும் தரப்படும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் அந்தப் பெயரில்தான் வழங்குகிறது. சிறுநீர்ப்பை அளவுக்கு மீறித் துடிப்பதை அடக்கும் மாத்திரையும் அதே பெயரில்தான். முதலாவது சிறுநீரை அதிகமாக்குவது; இரண்டாவது பையின் சுருக்கத்தைக் குறைப்பது; புராஸ்டேட் மருந்தோ பாதையைத் திறப்பது. அவசரப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் சிறுநீர்ப் பெருக்கியைத்தான் நினைப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் டாம்சுலோசின் 0.4 மி.கி.யும் டுட்டாஸ்டிரைடு 0.5 மி.கி.யும் ஒரே வில்லையில் சேர்த்துப் பல நிறுவனப் பெயர்களில் விற்கப்படுகின்றன. சேர்த்துத் தருவதில் மருத்துவ நியாயம் இருக்கிறது. 2003-இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்றில் டாக்சசோசின், ஃபினாஸ்டிரைடு இரண்டையும் சேர்த்து எடுத்தோரிடம் நோய் முற்றும் அபாயம் 66 விழுக்காடு குறைந்தது. தனித்தனியே எடுத்தோரிடம் முறையே 39, 34 விழுக்காடுதான் குறைந்தது. ஆனால் வணிகப் பெயரை மட்டும் அறிந்தவருக்குத் தாம் உண்பது இரண்டு மருந்துகள் என்பது தெரியாது. வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் டாம்சுலோசினை இன்னொரு வணிகப் பெயரில் எழுத, இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும். கடையில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நான்கு கொடுக்கும் வழக்கம் வேறு. பெயர் ஒரு துண்டோடும் காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடுகிறது.

ஆல்ஃபா தடுப்பான்கள் குருதி நாளங்களையும் ஓரளவு தளர்த்துவதால், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரவில் மூன்று நான்கு முறை எழவேண்டியிருப்பதால்தான் முதியவர் இம்மருந்துக்கே வந்தார். எழும் அந்த நேரமே ஆபத்தான நேரமாகவும் இருக்கிறது. ஈரமான ஓடு பதித்த குளியலறை, அணைந்த விளக்கு, வழுக்கும் செருப்பு. இடுப்பெலும்பு முறிவுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுவதும், வழியில் சிறு விளக்கு எரிவதும் மருந்துச் சீட்டில் எழுதப்படவேண்டிய அறிவுரைகள். அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளை வைத்து 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, டாம்சுலோசின் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு அழுத்தம் இறங்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கும்போதும் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது.

நிறுத்தித் தொடங்கும் சந்தர்ப்பங்கள் திருவனந்தபுரத்து முதியவர்களின் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. மண்டல காலத்தில் சபரிமலைக்குப் போகும்போது மாத்திரைப் பெட்டி வீட்டில் தங்கிவிடும். வெறும் வயிற்றில் டாம்சுலோசினை எடுத்தால் உடலில் சேரும் அளவு சுமார் 30 விழுக்காடும், குருதியில் எட்டும் உச்ச அளவு 40 முதல் 70 விழுக்காடும் கூடும். அதனால்தான் நாள்தோறும் ஒரே வேளை உணவுக்கு அரைமணி நேரம் கழித்து எடுக்கச் சொல்கிறார்கள். பத்மநாபசுவாமி கோயிலில் சுவர்க்க வாசல் ஏகாதசிக்கு உபவாசமிருக்கும் கோட்டைவாசிக்கு அன்று எந்த உணவுக்குப் பின் எடுப்பது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பீமாப்பள்ளியில் ரமலான் நோன்பிருப்பவருக்கு விடை எளிது, நோன்பு துறந்து முழு உணவு உண்ட பிறகு என்பதே. அதையும் மருத்துவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும். நோன்பு நாளில் விட்டுவிடலாமா, சில நாட்கள் விட்டால் எப்படித் தொடங்குவது என்பவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யவேண்டியவை. கேட்பதற்கு நோயாளிக்கு முதலில் இது கேட்கத்தக்க கேள்வி என்று தெரிந்திருக்கவேண்டும்.

ஜலதோஷ மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வரி. இடவப்பாதி மழை தொடங்கியதும் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் போன்றவை இருக்கும். முன்னது ஆல்ஃபா தடுப்பானுக்கு நேர் எதிராகப் பாதையை இறுக்கும். பின்னது சிறுநீர்ப்பையின் சுருங்கும் ஆற்றலைக் குறைக்கும். இரவோடிரவாகச் சிறுநீர் அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டிவருவது இப்படியும் நேர்கிறது. புராஸ்டேட் தொல்லைக்கே சிலருக்குத் தரப்படும் டாடலாஃபில், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதயநோய் மிகுந்த கேரளத்தில் இதைச் சிறுநீரியல் மருத்துவர் கேட்காமல் விடுவது மன்னிக்கத்தக்கதன்று.

இரண்டாவது மருந்துக் குடும்பத்துக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. டொமினிக்கன் குடியரசின் சலீனாஸ் என்ற ஊரில், பிறக்கும்போது பெண் குழந்தைகள்போலத் தோன்றிப் பருவத்தில் ஆண்களாக வளர்ந்த சிலரைப் பற்றி ஜூலியன் இம்பராட்டோ-மெக்கின்லியும் குழுவினரும் 1974-இல் எழுதினர். டெஸ்டோஸ்டிரோனை வீரியமிக்க வடிவமாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவாக இருந்தது. அவர்களின் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் பருத்த சுரப்பி சுருங்குமே என்ற எண்ணத்திலிருந்துதான் ஃபினாஸ்டிரைடு பிறந்தது. 1992-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. டுட்டாஸ்டிரைடு 2001-இல் வந்தது. கருப்பிணிகள் இம்மருந்துகளைக் கையாளும்போது ஏன் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கும் அதே சலீனாஸ் கதைதான் விடை. கருவிலிருக்கும் ஆண் சிசுவின் உறுப்புகள் உருவாக அந்த நொதி தேவை. உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையையும் கசியும் டுட்டாஸ்டிரைடு வில்லையையும் அவர்கள் தொடக்கூடாது. டுட்டாஸ்டிரைடு தோல் வழியாகவே உள்ளே செல்லக்கூடியது. மாமனாரின் மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்துவைப்பது எந்த வீட்டிலும் பெரும்பாலும் மருமகளின் வேலை. அவருக்கு இதைச் சொன்னவர் யார்?

இங்கே மாணவர்களும் பேச்சுக்குள் வருகிறார்கள். முடி உதிர்வுக்காக இளைஞர்கள் விழுங்கும் 1 மி.கி. மாத்திரை இதே ஃபினாஸ்டிரைடுதான். இணையத்தில் எளிதாகக் கிடைப்பதால் அது வேறு மருந்தாகிவிடாது. கல்லூரி இரத்ததான முகாமில் கை நீட்டும்போது அதைச் சொல்லவேண்டும், ஏனெனில் அந்தக் குருதி ஒரு கருப்பிணிக்கும் செலுத்தப்படலாம். ஃபினாஸ்டிரைடு நிறுத்தி ஒரு மாதம், டுட்டாஸ்டிரைடு நிறுத்தி ஆறு மாதம் கழித்தே குருதி தரலாம் என்பது பல நாட்டுக் குருதி வங்கிகளின் நடைமுறை. டுட்டாஸ்டிரைடின் அரை ஆயுள் சுமார் ஐந்து வாரம் என்பதால்தான் இவ்வளவு நீண்ட இடைவெளி. ஸ்ரீசித்திரை நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பத்தில் குருதிப் பைகளைத் தயாரித்து உலகுக்கு அனுப்பும் நகரம் இது. அந்தப் பையில் என்ன சேர்கிறது என்பதில் இந்நகரத்து மாணவர்களுக்குச் சற்றுக் கூடுதல் அக்கறை இருக்கலாம். 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணத்தை ஃபினாஸ்டிரைடின் பக்கவிளைவாக உறுதிசெய்ததையும் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. பதிவான நிகழ்வுகளில் பெரும்பாலானவை முடிக்கான 1 மி.கி. மாத்திரை சார்ந்தவை. மனநிலை மாறினால் மருந்தை நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது பி.எஸ்.ஏ. சோதனை பற்றியது. இக்குடும்பத்து மருந்தை ஆறு மாதம்வரை எடுத்தவரின் குருதியில் பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே அறிக்கையில் 3 என்று இருந்தால் 6 என்று படிக்கவேண்டும். இறங்கி நின்ற அளவு மறுபடி ஏறத் தொடங்கினால், அது ‘சாதாரண’ எல்லைக்குள் இருந்தாலும் ஆராயவேண்டும். மருந்தைப் பற்றித் தெரியாத பரிசோதனைக்கூடம் 3 என்ற எண்ணுக்கு எதிரே இயல்பு என்று அச்சிட்டுத் தரும். முதியவர் நிம்மதியோடு வீடு திரும்புவார். இது வெறும் அச்சமன்று. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவ அமைப்பில் புராஸ்டேட் புற்றுநோய் கண்ட 80,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை ஒன்று உண்டு. திருத்திக் கணக்கிட்ட பி.எஸ்.ஏ. முதன்முதலில் உயர்ந்ததிலிருந்து நோய் கண்டறியப்படும்வரை, இம்மருந்தை எடுத்தவர்களுக்கு இடைநிலையாக 3.6 ஆண்டுகள் ஆயின, எடுக்காதவர்களுக்கு 1.4 ஆண்டுகள். மருந்து எடுத்தவர்களிடம் முற்றிய நிலையில் நோய் கண்டறியப்படுவதும் அதனால் இறப்பதும் கூடுதலாக இருந்தன. கவனிக்கவேண்டியது என்னவென்றால், அது ஒரே கணினிப் பதிவேட்டின்கீழ் இயங்கும் அமைப்பு. மருந்தின் பெயரும் சோதனை எண்ணும் ஒரே திரையில் இருந்தும் இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆளில்லை.

ஆகையால் கேரளத்தின் மின்-சுகாதாரத் திட்டமோ நாடு முழுதுக்குமான ஆபா எண்ணோ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. பதிவு உதவும். பதிவைப் படித்துப் பொருள்கொள்ளும் பழக்கமும், நோயாளியே வாய்திறந்து சொல்லும் துணிவும் இல்லாமல் அது அரைக்கிணறுதான்.

நோயாளிக்கு இவ்வளவு சொன்னால் பயந்து மருந்தையே விட்டுவிடுவார் என்று மருத்துவர் சிலர் வாதிடுவர். அதற்குச் சான்றும் உண்டு. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஃபினாஸ்டிரைடால் பாலியல் குறைபாடு வரலாம் என்று முன்பே சொல்லப்பட்டவர்களில் 43.6 விழுக்காட்டினர் அக்குறையைத் தெரிவித்தனர், சொல்லப்படாதவர்களில் 15.3 விழுக்காட்டினர்தான். எதிர்பார்ப்பே நோயாகிறது என்பது உண்மை. ஆனால் இந்த வாதம் ஒருவகைத் தகவலுக்கு மட்டுமே பொருந்தும். கண் மருத்துவரிடம் சொல்லுங்கள், பி.எஸ்.ஏ. எடுக்கும்போது சொல்லுங்கள், எழுமுன் உட்காருங்கள் என்பவற்றால் யாருக்கும் ஆண்மை குறைந்துவிடாது. பாலியல் விளைவுகளைச் சொல்லாமல் விட்டாலும் நோயாளி மருந்தை விடத்தான் செய்கிறார். யாரிடமும் சொல்லாமல் விடுகிறார் என்பதே வேறுபாடு. சிலோடோசினால் விந்து வெளிவராமல் போகும்போது, அது தீங்கற்றது, நிறுத்தினால் திரும்பும் என்று முன்பே கேட்டிராதவர் தமக்கு ஏதோ பெருங்கேடு வந்ததாக நினைத்து நெருஞ்சில் கஷாயத்துக்குத் திரும்பிவிடுகிறார். அடுத்த முறை மருத்துவரிடம் அதையும் சொல்வதில்லை.

செய்யத்தக்கது பெரிய திட்டமொன்றுமில்லை. சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டை போதும். வணிகப் பெயரோடு வேதிப்பெயரும் அளவும் தொடங்கிய மாதமும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஒரு பக்கம்; யார் யாரிடம் இதைக் காட்டவேண்டும் என்பது மறுபக்கம் தமிழிலும் மலையாளத்திலும். வேதிப்பெயரை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பதில் மொழிப்பற்றுக்கு இழுக்கில்லை, அதைப் படிக்கப்போகிறவர் கண் மருத்துவர். மறுபக்கத்தின் தமிழை எழுதும் பொறுப்பை மருந்தியல் கல்லூரிகளும் தமிழ்த் துறைகளும் சேர்ந்து ஏற்கலாம். கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை மருத்துவக் கல்லூரியிலிருந்து தொலைவில் இல்லை. மருத்துவத் தமிழ் என்ற பெயரில் கலைச்சொல் பட்டியல்களுக்குச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கு, எழுபது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய ஆறு வரிகளுக்குச் செலவாகலாம்.

பக்கவிளைவு நேர்ந்தால் அதைப் பதிவுசெய்யும் வழியும் நோயாளிக்கே திறந்திருக்கிறது. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. அதில் மருந்தின் பெயரை எழுதவேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது; ‘மூத்திர மாத்திரை’ என்று எழுதினால் அந்தப் படிவத்தை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.